மூன்றடிக்கு மேல் கொஞ்சம்

செம்பூருக்குக் கிழக்கே நிற்கிற புகைக்குழாய்களிலும் தொட்டிகளிலும் எத்தனை என் கை காட்டி எழும்பியவை என்று கேட்டால், எண்ணிச் சொல்ல எனக்கே ஒரு நாள் வேண்டும். பாரம் தூக்குகிற கலாசி வேலையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன். படிப்பு நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் ஒரு எண்ணைச் சொல்லி, அதன் வர்க்கத்தைக் கேட்டு, நான் முழித்ததை யாரும் பார்த்ததில்லை. வர்க்கமூலம் கேட்டாலும் அப்படித்தான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

போன மாதம் கோபர்கைரனேயில் என் மகன் வீட்டுக்கு மூன்று பையன்கள் வந்தார்கள். மூன்று பேரும் கிரேன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். இப்போது கிரேனுக்குள்ளேயே ஒரு கண்ணாடித்திரை இருக்கிறதாம், பாரத்தை அதுவே நிறுத்துச் சொல்லுமாம். அதிகமானால் கிரேன் தானாக நின்றுவிடுமாம். "அங்கிள், உங்க டைம்ல கைஸே கரதே தே? கயிறு தாங்குமான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். "தலையால" என்றேன். சிரித்தார்கள். கணக்கு போடுகிற வழியைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். அதில் ஒருத்தன் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "கபி கல்தி ஹுவா க்யா, அங்கிள்? தப்பா ஆயிருக்கா?" என்றான். "போடா, ரயிலைப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பதினேழு வயதில் தாராவிக்கு வந்தேன். தோல் பட்டறையில் ஒரு வருஷம். நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்து மீரான் காக்காவின் கலாசிக் கூட்டத்தில் சேர்ந்தேன். காக்கா காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் இந்து, முஸ்லிம், மராத்தி எல்லோருக்குமே அவர் காக்காதான். மேஸ்திரி என்று அழைத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

வேலை படிந்தது ரெண்டு வருஷத்தில். கயிறு பின்னுவது, பாரம் தொங்கவிடுகிற டெரிக் கம்பத்தை நட்டுக் கட்டுவது, கயிறு சுருட்டுகிற விஞ்சைச் சுற்றுவது. மேலே தூக்க 'ஹாபேஸ்', கீழே இறக்க 'ஆரியா'. பம்பாயில் எந்த பாஷைக்காரன் ஆனாலும் இந்த ரெண்டு சொல்லுக்குக் கை தானாக அசையும். இதையெல்லாம் விரித்தால் கட்டுரை முடியாது. சொல்ல வேண்டியது கணக்கைத்தான்.

ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். தச்சனுக்கும் கொல்லனுக்கும் தெரிந்ததுதான். இரும்புக் கயிற்றின் கனத்தை, அதாவது குறுக்களவை, நாங்கள் நூலில் சொல்வோம். நூலை நூலால் பெருக்கு, எட்டால் வகு, அது தாங்குகிற டன் வந்துவிடும். நாலு நூல் கயிறு என்றால் நாலு நாலு பதினாறு, எட்டால் வகுத்தால் ரெண்டு டன். எட்டு நூல் என்றால் அறுபத்து நாலு, எட்டு டன். கனம் இரட்டித்தால் பலம் நாலு மடங்கு என்பது இதிலேயே இருக்கிறது. புதிதாக வருகிறவன் எல்லாம் 'ரெண்டு மடங்கு' என்றுதான் சொல்வான். திருப்பிப் போடுகிற கணக்கும் உண்டு. பாரம் தெரியும், எந்தக் கயிறு என்று தெரிய வேண்டும். பாரத்தை எட்டால் பெருக்கி மூலம் எடுக்க வேண்டும். மூலம் சுத்தமாக வராவிட்டால் கீழே இருக்கிற வர்க்கத்தைப் பிடி, மிச்சத்தை அந்த எண்ணின் இரட்டிப்பால் வகுத்துச் சேர்.

இதில் ஒன்று நானே கண்டுபிடித்தேன். மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை நூலில் எந்தக் கயிற்றை எடுத்தாலும் கடைசியில் ஓர் அரைக்கால் டன், எட்டில் ஒரு பங்கு, ஒட்டிக்கொண்டு வரும். அஞ்சு நூலுக்கு மூன்றே அரைக்கால், ஏழுக்கு ஆறே அரைக்கால், பதினொன்றுக்குப் பதினைந்தே அரைக்கால். ஒரு தடவைகூட மாறாது. எந்த வாத்தியாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. என் மகன் காலேஜ் போன பிறகு காகிதத்தில் எழுதிப் பார்த்து, "ஆமாப்பா, சரிதான்" என்றான். எனக்கு அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே தெரியும்.

இந்த சூத்திரத்தில் வருகிற டன்னில் கயிறு அறுந்துவிடாது. அறுக்க அதுபோல அஞ்சு மடங்கு வேண்டும். புதுசாக வருகிறவர்கள் இதைக் கேட்டதும் கண்ணை விரிப்பார்கள். அப்படியானால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே! அப்போது காக்கா சொல்வார், குரலை உயர்த்தவே மாட்டார்: "அஞ்சுல ஒரு பங்குதாம் நம்ம பங்கு. மத்த நாலும் படைச்சவன் பங்கு. அதுல கை வைக்கப்படாது."

அவர் கயிறு பார்க்கிற விதத்தை எழுத வேண்டும். அப்படிப் பார்க்கிறவர்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்துக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடப்பார். உள்ளே ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் பஞ்சு மாட்டும். மாட்டிய இடத்தில் நின்று சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவார். ஒரு சாண் நீளத்தில் மூணு குறிக்கு மேல் விழுந்தால் அந்தக் கயிறு அன்றோடு சரி. அதன் பிறகு பாரத்தைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் மட்டும் தூக்கச் சொல்வார். எல்லோரையும் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு ஒரு பீடியைப் பற்றவைப்பார். பீடி முடிகிற வரை பாரம் தொங்கும். முடிந்ததும் கயிற்றில் காதை வைத்துக் கேட்பார். என்ன கேட்டது என்று யாரிடமும் சொன்னதில்லை. தலையை ஆட்டினால் ஹாபேஸ். ஆட்டாவிட்டால் இறக்கிவைத்துவிட்டுக் கயிற்றை மாற்ற வேண்டியதுதான். மேனேஜர் வந்து குதித்தாலும் மாற்றம் கிடையாது.

இப்போது சுடலைமுத்துவைப் பற்றி. என் வயதுக்காரன், என் சந்திலேயே குடியிருந்தான். காலையில் ரெண்டு பேரும் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்குவோம். கணக்குப் பழகியது அந்த ரயிலில்தான். எதிரே வருகிற வண்டிப் பெட்டியில் எழுதியிருக்கிற நம்பரில் கடைசி ரெண்டு எண்ணை எடுக்க வேண்டும். அடுத்த ஸ்டேஷனுக்குள் வர்க்கம் சொல்ல வேண்டும். தோற்றவன், கயிறு பூட்டுகிற கிளாம்பும் ஷேக்கிளும் போட்ட சாக்கைச் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து வேலை நடக்கிற இடம் வரைக்கும் சுமக்க வேண்டும். அரை மணி நடை.

"நாப்பத்தி ஏழு!" என்பான் சுடலை.

"ரெண்டாயிரத்து இருநூத்தி ஒம்பது" என்பேன், அவன் வாயை மூடுவதற்குள். அம்பதுக்கு மூணு குறைவு. இருபத்தஞ்சில் மூணு போனால் இருபத்திரெண்டு, மூணு மூணு ஒம்பது. பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டியதுதானே.

"இரும், இரும். நாப்பத்தி ஏழை நாப்பதால... ஆயிரத்து எண்ணூத்தி எம்பது. ஏழால..." அவன் விரலை மடக்கிக்கொண்டே வருவான். குர்லா வந்துவிடும்.

"சாக்கைத் தூக்கும் வே, மாப்ளே."

"விடை சரிதானான்னு பாத்துட்டுத் தூக்குதேன்."

அதுதான் சுடலை. ஒவ்வொரு நாளும் தோற்பான். ஒவ்வொரு நாளும் மெதுவாகக் கடைசிவரை போட்டுப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் சாக்கைத் தோளில் ஏற்றுவான். ரெண்டு வருஷத்தில் நான் சாக்கைத் தூக்கியது நாலு தடவைகூட இருக்காது. வண்டியில் கூட வருகிற மராத்திக்காரர்கள் என்னைப் பார்த்ததும் இடம் விடுவார்கள். "ஆலா, ஹிசாப்வாலா ஆலா!" என்பார்கள், கணக்குக்காரன் வந்துவிட்டான் என்று.

என் பெயர் சைட்டில் பரவியது ஒரு கொதிகலனால். பூனாவிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து கணக்குப் போடுகிற ஒரு வழுக்கு ஸ்கேலை எடுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாரம் ஒன்பது டன், எந்தக் கயிறு வேண்டும் என்பது கேள்வி. நான் பின்னால் நின்று, "எட்டரை நூல் சார். ஒன்பது போட்டுரலாம்" என்றேன். ஒன்பதெட்டு எழுபத்திரெண்டு. கீழே அறுபத்து நாலு, மூலம் எட்டு. மிச்சம் எட்டை இரட்டிப்பான பதினாறால் வகுத்தால் அரை. எவ்வளவு நேரம் ஆகும்? அவர் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தார். எட்டரைக்கு ஒரு மயிர் அளவு குறைவாம். என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று முதல் மேனேஜருக்கு எது என்றாலும் இந்த இசக்கிதான்.

காக்கா பாராட்டவில்லை. சாயங்காலம் சாமான் கட்டும்போது, "சரியாச் சொன்னே. அந்த வேகத்தை மட்டும் வீட்டுல வச்சிட்டு வா, தம்பி" என்றார். பொறாமை என்று நினைத்தேன். இருபத்திரெண்டு வயதில் வேறு என்ன நினைப்பு வரும்?

மழைக்காலம் முடிந்த சமயம் அது. மீட்டர், கிலோ எல்லாம் சட்டமாகி சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் எங்கள் வாயில் இன்னும் அடியும் அங்குலமும் நூலும்தான். செம்பூரில் இரும்பை அடித்து உருவாக்குகிற ஒரு தொழிற்சாலையில் பெரிய சுத்தியல் மெஷினை நிறுவுகிற வேலை. சுத்தியல் வந்து விழுகிற பட்டடைக்கு அடியில் ஒரு வார்ப்பு இரும்புக் கட்டியைக் குழிக்குள் இறக்கிவைக்க வேண்டும். நாலு பக்கமும் ஒரே அளவு, சதுரக் கட்டி. மேலே ஒரே ஒரு வளையம். ஒரே கயிற்றில் தொங்க வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் காக்கா ஜும்மா தொழுகைக்குக் கோவண்டிப் பக்கம் போவார். ரெண்டு மணிக்குத் திரும்புவார். இடையில் ஒரு பாரமும் தரையை விட்டு எழும்பக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். சாப்பிடுவோம், கயிறு பின்னுவோம், சிலர் தூங்குவார்கள். போகும்போது காக்கா, "வந்து கயிறு பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கயிறு என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு மேனேஜர் ஓடி வந்தார். குழிக்குள் சிமெண்டுக் கலவையைக் கொத்தனார்கள் கொட்டிவிட்டார்கள். இறுகுவதற்குள் கட்டி அதன் மேல் உட்கார வேண்டும். தவறினால் எல்லாவற்றையும் வெட்டியெடுத்து மறுபடி போட வேண்டும். நான் காக்கா வரட்டும் என்றேன். "காக்கா நஹீ தோ க்யா ஹுவா?" என்றார் அவர், காக்கா இல்லாவிட்டால் என்ன என்று. "தூ ஹை நா! கணக்கெல்லாம் நீதானே போடுறே?"

கூட்டத்து ஆட்கள் எல்லோரும் கேட்கும்படியாகச் சொன்னார்.

கட்டியின் அளவு என்ன என்று கேட்டேன். வரைபடத்தைப் பார்த்து, ஒரு மீட்டர் என்றார். எடை எழுதிய காகிதம் ஆபீசில் இருந்தது. போய் வாங்கி வரப் பத்து நிமிஷம் ஆகும். நான் கேட்கவில்லை. அளவு தெரிந்தால் எடை என் தலையில் இருக்கிறதே! அஞ்சு கன அடி இரும்பு ஒரு டன். மீட்டர் என்றால் மூணு அடி. மும்மூணு ஒம்பது, ஒம்மூணு இருபத்தேழு. அஞ்சால் வகுத்தால் அஞ்சே சொச்சம், அஞ்சரைக்குக் கொஞ்சம் கீழே. எட்டால் பெருக்கினால் நாற்பத்து மூணு, மூலம் ஆறரை. "ஏழு நூல் கயிறு எடு!" என்றேன். கண்ணிமைக்கிற நேரம்தான் ஆகியிருக்கும்.

சுடலை மட்டும் என் அருகில் வந்தான். "மீட்டர்னா மூணு அடி மட்டுமா வே? துணிக்கடையில மீட்டர்னு கேட்டா கெஜத்தைவிடக் கூடல்லா தாரான்."

"கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்தை வச்சு என்ன செய்ய? ஏழு நூல் ஆறே அரைக்கால் தாங்கும். முக்கால் டன் மிச்சம் கிடக்கு. உம்ம கொஞ்சம் அதுக்குள்ள அடங்கிரும்."

"இரும். மூணே கால்னு வச்சுப் போட்டுப் பாக்கேன்." விரலை மடக்க ஆரம்பித்தான்.

"நீரு போட்டு முடிக்கதுக்குள்ள காக்கா மூணு ஜும்மா தொழுதுட்டு வந்துருவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். சுடலையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கட்டியைத் திசை திருப்புகிற மரச்சட்டத்தை எடுத்துக்கொண்டு குழியோரத்துக்குப் போனான். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது.

துணிக்கடையில் கொஞ்சம் கொஞ்சமாகவே இருக்கும். மூணு அடிக்கு மேல் மூணு அங்குலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்சம் நீளத்தில் ஒரு தடவை, அகலத்தில் ஒரு தடவை, உயரத்தில் ஒரு தடவை உட்கார்ந்திருந்தது. இருபத்தேழு கன அடி என்று நான் சொன்னது உண்மையில் முப்பத்தஞ்சு. அஞ்சரைக்குக் கீழே என்று சொன்ன பாரம் ஏழு டன். வர்க்கமும் கனமும் என்னைப்போல் யாருக்கும் வராது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பெருக்குவதற்கு முன்னால் எறிந்துவிட்டதைப் பெருக்கிய பிறகு தேட முடியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அப்போதும் கயிறு அறுந்திருக்க வேண்டியதில்லை. அஞ்சு பங்கு இருந்ததே. ஆனால் ஏழு நூல் கயிறு மழை முழுக்கத் தண்ணீரில் கிடந்து உள்கம்பிகள் துருவேறியிருந்தன. பஞ்சை வைத்து யார் பார்த்தது? நான் பார்க்கவில்லை. நாலு விரல் தூக்கி நிறுத்தினேன். பீடி பற்றவைக்கிற நேரம்கூட நிறுத்தவில்லை. மேனேஜர் "சலோ, சலோ" என்றார். ஹாபேஸ் கொடுத்தேன். கட்டி எழும்பியது, குழிக்கு மேலே வந்தது. ஆரியா சொன்னேன். விஞ்சில் ஷிண்டே இருந்தான், நல்ல கைக்காரன். கட்டி சற்று வேகமாக இறங்குகிறது என்று நினைத்து நிறுத்து என்று நான் கையை மடக்கினேன். அவன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தான். ஏழு டன்னும் ஒரு குலுக்குக் குலுக்கியது.

துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். கயிற்றின் ஒரு புரி அறுந்து சுழன்றது. அடுத்த புரியும் போனது. கட்டி குழியின் விளிம்பில் விழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே உருண்டது. சுடலை பின்னால் குதித்தான். இடது கால் மட்டும் வெளியே வரவில்லை.

அவன் கத்தவில்லை. "யம்மா" என்று ஒரு தடவை சொன்னான். அதுவும் மெதுவாகத்தான்.

ரெண்டு மணிக்குக் காக்கா வந்தபோது கட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி அவனை எடுத்துவிட்டிருந்தோம். காக்கா என்னைப் பார்க்கவில்லை. அறுந்த கயிற்றை எடுத்துக் கனத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து, சாணால் அளந்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏறினார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் காக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு விசாரணை. கயிறு நான் போட்டது. போறப்பவே போட்டுட்டு, இறக்கச் சொல்லிட்டுப் போனேன். விளங்குதா?"

"காக்கா, கணக்கு நான்தானே..."

"கூட்டத்துக்கு நீயா பொறுப்பு? உங்கையில விட்டுட்டுப் போனவன் நான். வாயைத் தொறக்காதே."

"உங்கள அனுப்பிருவாங்க, காக்கா."

"கடல் கிடக்கு, கப்பல் கிடக்கு. எனக்கு வேலைக்கா பஞ்சம்?"

நாற்பத்தெட்டு வயது அவருக்கு. ஊரில் அஞ்சு பிள்ளைகள். பஞ்சம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகவும் தூங்கினேன். அதை இங்கே மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

திங்கட்கிழமை காலையில் விசாரணைக்குப் போகும் வழியில் சுடலையைப் பார்க்கப் போனேன். முகம் மஞ்சளாக இருந்தது. என்னைக் கண்டதும் கையால் கிட்டே வா என்றான். திட்டப்போகிறான் என்று குனிந்தேன்.

"மூணே காலை மூணே காலால பெருக்குனா பத்தரையே மாகாணி" என்றான். குரல் வறண்டு கிடந்தது. "அதைத் திரும்பவும் மூணே காலால... முப்பத்தி நாலே காலும் கொஞ்சமும் வருது வே. அஞ்சால வகுத்தா ஏழு டன்னுக்குத் துளி கம்மி. ஆறே அரைக்கால்ல அடங்கல."

போர்வைமேல் மடக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான்.

"காலையிலதாம் முடிச்சேன். விடை சரிதானா?"

"சரிதாம் வே."

"அப்ப சாக்கை நீருதாம் தூக்கணும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

விசாரணை ஆபீஸ் அறையில் நடந்தது. கம்பெனியின் பெரிய இன்ஜினியர் வந்திருந்தார், மாட்டுங்காவில் குடியிருந்த ராமநாதன் சார். மெல்லிய கண்ணாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மேனேஜர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் வாயிலிருந்து எதுவும் வராது என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. காக்கா முன்னால் நின்று சொல்லி முடித்திருந்தார். காகிதத்தில் அவர் பெயர் ஏறிவிட்டது. வேலையிலிருந்து நீக்கம், இனி எந்த சைட்டிலும் எடுக்கக் கூடாது என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு ஒருத்தன் பெயரில் விழுந்தால் செம்பூர் முழுக்க அவனுக்குக் கதவு அடைப்புத்தான்.

"சார், கயிறு நான் சொன்னது. காக்கா தொழுகையில இருந்தாரு. கணக்கு என்னுது" என்றேன்.

"அவன் சும்மா சொல்றான் சார், சின்னப் பய" என்றார் காக்கா.

ராமநாதன் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்ன படிச்சிருக்கே?"

"அஞ்சாம் வகுப்பு."

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவனா ரோப் கால்குலேஷன் போட்டான்? மேஸ்திரியைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றே. நல்ல மனசுதான். போய் வெளியில நில்லு."

"கேட்டுப் பாருங்க சார்."

அவர் பேனாவை மூடினார். ஒரு வேளை சிரிக்கலாம் என்று நினைத்திருப்பார். "அஞ்சு நூல்?"

"மூணே அரைக்கால் டன்."

"பத்து நூல்?"

"பன்னிரண்டரை."

"நாலு டன் தூக்கணும்."

"முப்பத்தி ரெண்டுக்கு மூலம், அஞ்சரைக்கு மேல. ஆறு நூல்."

"பன்னெண்டு டன்?"

"தொண்ணூத்தி ஆறு. பத்துக்குக் கொஞ்சம் கீழ. பத்து நூல் சார்."

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தின் ஓரத்தில் அவரே போட்டுப் பார்த்தார். இன்னும் நாலு கேட்டார், வேறு வேறு விதமாக. அறுபத்தெட்டின் வர்க்கம், ரெண்டரை அடிக் கட்டியின் எடை. எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் காக்கா "இசக்கி" என்றார், அதட்டலாக இல்லை. ஒவ்வொரு விடை சரியாக விழும்போதும் அந்த அறையில் காக்காமேல் இருந்த பழி என் பக்கமாக நகர்ந்து வருவது எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றைத் தப்பாகச் சொல்லியிருந்தால் போதும், என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். அந்த ஆசை எனக்கு வராமல் இல்லை. நாலாவது கேள்வியில் வந்தது, ஆறாவதில் இன்னும் பலமாக வந்தது. ஆனால் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

"ஒரு மீட்டர்னா எத்தனை அடி?" என்றார் கடைசியாக.

"மூணு அடி, மூணு அங்குலம், மூணு நூல் சார்."

"கன அடி?"

"முப்பத்தஞ்சுக்கு மேல கால். பாரம் ஏழு டன்."

"வெள்ளிக்கிழமை எவ்வளவு வச்சுண்டே?"

"இருபத்தேழு."

அவர் அந்த எண்ணையும் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். "இவ்வளவு தெரிஞ்சவன் ஏன்யா இருபத்தேழு வச்சே?" அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வெரசாச் சொல்லணும்னு சார்" என்றேன்.

காக்கா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அந்தக் கம்பெனியில் இன்னும் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். சுடலையை ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு அவர்தான் போராடிச் சேர்த்துவிட்டார். எனக்குச் செம்பூர் அடைந்துபோனது. தாதரிலும் பரேலிலும் கூலிக்குக் கயிறு இழுத்து, மறுபடி அடியிலிருந்து ஏறி வந்தேன். செம்பூர்க் கதவு திறக்க ஏழு வருஷம் ஆயிற்று. மேலே சொன்ன புகைக்குழாய்களும் தொட்டிகளும் அதற்குப் பிறகு தூக்கியவை. அந்தக் கதை வேறு.

ராமநாதன் சார் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, மீரான் என்று எழுதியிருந்ததன் குறுக்கே ஒரு கோடு போட்டார். அதன் மேலே எழுதுவதற்காக என் முழுப் பெயரைக் கேட்டார். சொன்னேன். திருநெல்வேலிப் பெயர் அவருக்குப் பிடிபடவில்லை. "என்ன, என்ன? எழுத்துக் கூட்டி நிதானமாச் சொல்லு" என்றார்.

ஒவ்வொரு எழுத்தாக அவர் பேனா நிற்கும்வரை காத்திருந்து, என் பெயரைச் சொன்னேன்.